நான்கு விரல் சறுக்கல்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் என் கழுத்துவலியும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் சுகமாக இருக்கிறோம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ 'ம்' போடுகிறாய். வெறும் 'ம்' எழுதி ஸ்டாம்ப் ஒட்ட உனக்கு மனசு வராது என்பதால்தான் இந்த ஏற்பாடு. தவிர, படமும் அனுப்ப வேண்டியிருக்கிறது.

என் கட்டில் நேற்று அசைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்; நோயாளியின் முதுகை மோட்டாரே தூக்கி உட்கார வைக்கும். இன்னும் ஒரு துண்டு இரும்புகூட வெட்டவில்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். ஆறு மாதமாக ஒவ்வொரு பாகமாக வரைந்தேன். எது எதோடு சேர்ந்து சுழலும், எது நகரும், எது அசையாமல் நிற்கும் என்று ஒவ்வொரு மூட்டுக்கும் சொல்லிக் கொடுத்தேன். நேற்று மோட்டாரை ஓடவிட்டேன். முதுகுப் பலகை படுக்கை நிலையிலிருந்து அறுபது டிகிரிவரை எழுந்தது. எங்கும் இடிக்கவில்லை, எங்கும் சிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் வரைபடங்களைச் சரிபார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். மனிதர் டீயைக்கூட அளந்துதான் குடிப்பார். அவரே வந்து நின்று பார்த்துவிட்டு, "பழுதில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

திரையிலிருந்து நான்கு படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஏப்ரல் முதல் தேதி எங்கள் கம்பெனிப் பெரியவர் முன்னால் இறுதிக் கூட்டம். அவர் தலையாட்டினால் கட்டில் செய்யப் போய்விடும். பதினாறு வருஷமாக வார்டில் நிற்கும் நர்ஸ் நீ. பார்த்துவிட்டு எழுது. வெறும் பாராட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் தம்பி, கட்டில்காரன்


பிப்ரவரி 17

அன்புத் தம்பிக்கு,

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பெருமை பேசினால் கழுத்துவலி போகாது. இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். மாமாவுக்குப் பஸ்ஸில் புது ரூட் போட்டிருக்கிறார்கள், அதில் ஸ்பீடு பிரேக்கர் அதிகம் என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சண்டை.

உன் படங்களை வார்டில் எல்லோருக்கும் காட்டினேன். "என் தம்பி செஞ்சது" என்று ஐந்து பேரிடம் சொன்னேன். ஆறாவதாக வந்தவர் டாக்டர், அவரிடமும் சொன்னேன். அது வேறு விஷயம்.

இப்போது கேட்கிறேன், உன் படத்தில் நோயாளியாகப் படுத்திருக்கும் அந்தச் சாம்பல் நிற மரக்கட்டை யார்? நான்கு படத்திலும் அவன் மெத்தையில் ஒரே இடத்தில் கிடக்கிறானே. உயிருள்ள ஆள் எவனும் அப்படிக் கிடக்க மாட்டான். உனக்காக ஒரு காரியம் செய்தேன். எங்கள் வார்டில் பேர் கிடையாது, கட்டில் எண்தான். பத்தாம் நம்பர் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், எண்பத்து நான்கு கிலோ. அவர் சட்டையில் தோளுக்கு நேராக ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன், அதே நேரில் விரிப்பில் இன்னொரு துண்டு. முதுகைத் தூக்கினேன், இறக்கினேன். இரண்டு பிளாஸ்திரிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. மனிதர் கால்பக்கம் சறுக்கிவிட்டார். சாப்பாடு, மருந்து, உடம்பு துடைப்பது என்று ஒரு நாளில் எட்டு முறையாவது தூக்கி இறக்குகிறோம். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்க வேண்டும். இருபது கட்டில். பெருக்கிக்கொள், இஞ்சினியர் நீதானே.

"என்ன சிஸ்டர், என்னை வெச்சுப் பாடம் எடுக்கறீங்களா?" என்றார் வாத்தியார்.

"ஆமா சார். என் தம்பி ஒரு பாடத்துல ஃபெயிலு."

உன் கட்டிலில் அவன் ஏன் சறுக்கவில்லை என்று மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். உன் கடிதம் வந்ததும் வலி கழுத்தை விட்டு நெஞ்சுக்கு இறங்கிவிட்டது.

நீ நினைப்பதுபோல் இது பொம்மைப் படம் இல்லை. எடை, உராய்வு, விசை எல்லாம் போட்டு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணக்குப் பார்க்கும் மென்பொருள். உன்னிடம் இருப்பது பிளாஸ்திரி. உன் வார்டுக் கட்டில்கள் பழசு, சறுக்குகின்றன. என்னுடையது சறுக்காது. இதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

மார்ச் 3

மேலே இருப்பதைக் கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். எனக்கு வேண்டியதுதான்.

நேற்று, சும்மா பார்ப்போமே என்று அந்தச் சாம்பல் ஆசாமியைச் சொடுக்கிப் பார்த்தேன். அவன் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு மூட்டு இருந்தது. அசையவே அசையாத, ஒட்டிவிட்ட மூட்டு. எல்லாம் ஆரம்பித்த புதிதில் முதல்முறை ஓடவிட்டபோது, அவன் மெத்தையைத் துளைத்துக்கொண்டு தரைக்கும் கீழே போய்க்கொண்டே இருந்தான். மெத்தை கெட்டியானது, அதற்குள் புகக் கூடாது என்று அவனுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. தலைக்குமேல் வேலை கிடந்ததால் அப்போதைக்கு அவனை ஒட்டிவைத்தேன். பிறகு மறந்தே போனேன். ஒட்டிவைத்த ஆளைத் தூக்கிக் காட்டி, அவன் நகரவில்லை என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒட்டை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். கணக்கு முடிய நாற்பது நிமிடம். உட்கார்ந்து பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட அன்று, கட்டுப் போடும்வரை அழாமல் அதைத்தானே சொன்னாய்.

சறுக்கல் எழுபத்திரண்டு மில்லிமீட்டர். என் கையைத் திரைமேல் வைத்துப் பார்த்தேன். நான்கு விரல்.

தம்பி


மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

உன் நெஞ்சுவலிக்கு மருந்து நீயே இரண்டாம் பக்கத்தில் எழுதிக்கொண்டாய், அதனால் விசாரிக்கவில்லை. நாங்கள் நலம்.

முதல் பக்கத்தைக் கிழிக்காமல் அனுப்பினாயே, அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். கூட்டத்தில் நீயே வாய் திறந்து சொல்லிவிடு. மில்லிமீட்டர் கண்டுபிடித்தால் அது உன் தப்பு. நீ சொன்னால் அது உன் வேலை.

இன்னொன்று. நாங்கள் முதுகை நேராகத் தூக்க மாட்டோம். முதலில் முழங்காலுக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வைப்போம், பிறகுதான் முதுகு. முழங்கால் மடங்கியிருந்தால் ஆள் அவ்வளவாக இறங்க மாட்டார். இதை எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். உன் மோட்டாருக்குச் சொல்லிக் கொடு.

வார்டில் இரண்டு பேர் லீவு. மேலே இழுக்க இன்னொரு ஆள் கிடைக்காவிட்டால் நானே தனியாக இழுத்துவிடுகிறேன். பயப்படாதே, இது இரும்பு உடம்பு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு என்ன ஆயிற்று? மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் மாமா எடுத்து, "அவ டூட்டியில இருக்கா" என்கிறார். காலையிலும் டூட்டி, மாலையிலும் டூட்டி என்றால் ஆஸ்பத்திரியை உன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்களா? இங்கே நான் நலம்.

கூட்டம் முடிந்தது. பதினோரு பேர். பெரிய திரையில் கட்டில் அழகாக எழுந்தது. எல்லோரும் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் அன்று மாலையே எனக்குக் கைகுலுக்கல். நான் எழுந்து, "இந்த ஆளை நான் மெத்தையோட ஒட்டி வெச்சிருக்கேன், சார். எடுத்துட்டா நாலு விரல் சறுக்குறார்" என்றேன். பிறகு ஒட்டு இல்லாமல் ஓடவிட்டேன்.  

"நாலு விரலா? அது என்ன அளவு?" என்றார் மில்லிமீட்டர்.

"எங்க அக்கா அளவு சார். வார்டு நர்ஸ். பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்துச் சொன்னாங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார். "அந்த அம்மா வேற என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் கேட்டு எழுதி வாங்குங்க" என்றார். எனக்குத் தலை குனிந்திருக்க வேண்டும். ஆனால் இடத்துக்குத் திரும்பியபோது என் தோளில் யாரோ கை போட்டுக்கொண்டு வருவதுபோல் இருந்தது. சீக்கிரம் எழுது.

தம்பி


ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

நலம். இவ்வளவு நாள் எழுதாததற்கு வேலைதான் காரணம். பேனா மக்கர் செய்கிறது, அதனால் பென்சில். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதினோரு பேர் முன்னால் என் பிளாஸ்திரியைப் பற்றிப் பேசியிருக்கிறாய். பக்கத்துக் கட்டில்காரர்களுக்குப் படித்துக் காட்டினேன். வாத்தியார், "பாஸ் பண்ணிட்டான் சிஸ்டர்" என்றார்.

பெரியவர் கேட்டதற்குப் பதில். பன்னிரண்டாம் நம்பரில் ஒரு பெண் இருக்கிறாள். முதுகில் வட்டு விலகி, மல்லாந்து படுத்தபடி கிடக்கிறாள். வாய் மட்டும் ஓயவில்லை. அவள் சொன்னவற்றை எழுதுகிறேன். ஒன்று, சுவிட்சை அழுத்திய முதல் நொடியில் கட்டில் ஒரு வெட்டு வெட்டும். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. படுத்திருப்பவளுக்கு அது தலைவரை போகும். அடுத்து, முதுகு எழும்போது சட்டையும் விரிப்பும் அங்கேயே நிற்க, தோல் மட்டும் கீழே இழுபடும். குதிகால் எரியும். சுவிட்ச் இருப்பது கம்பியின் வெளிப்பக்கத்தில், நர்ஸ் கைக்கு வாகாக. படுத்திருப்பவள் தானாக எழ நினைத்தால் எட்டாது. பதினாறு வருஷம் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியவில்லை என்று சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்தாலும் அவளுக்கு வலிக்கிறது.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலம் என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பதால் நம்பிக்கொள்கிறேன்.

அந்த வெட்டு உண்மை. மோட்டாரின் வேக வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். தொடங்கிய கணத்திலேயே முழு வேகத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத குலுக்கல் என்று எல்லோரும் விட்டுவிட்டோம், மில்லிமீட்டர் உட்பட. இப்போது மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும்படி வளைத்துவிட்டேன். முழங்கால் பலகை முதலில் எழுகிறது. அதன் பிறகு முதுகுப் பலகை எழும்போதே தலைப்பக்கமாகப் பின்வாங்கும்படி ஒரு உருளையும் தண்டும் சேர்த்திருக்கிறேன். ஆள் கீழே போவதற்குப் பதில் பலகை பின்னே போகட்டும். சறுக்கல் இப்போது இருபத்தாறு மில்லிமீட்டர்.

சாம்பல் ஆசாமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் ஒரு உண்மையான உடம்பு வேண்டும். பன்னிரண்டாம் நம்பர் அம்மாளின் அளவுகளை வாங்கி அனுப்ப முடியுமா? வலி எப்படி இருக்கிறது என்றும் கேட்டு எழுது. ஒரு நல்ல பேனா வாங்கிக்கொள்.

தம்பி


மே 10

அன்புத் தம்பிக்கு,

நலம். மாமாவும் நலம், அவருக்கு இப்போது சமைக்கக்கூடத் தெரியும்.

கேட்ட அளவு: உயரம் ஐந்தடி மூன்றங்குலம். எடை அறுபத்தொரு கிலோ. தோளிலிருந்து இடுப்பு நாற்பத்தாறு சென்டிமீட்டர், இடுப்பிலிருந்து முழங்கால் நாற்பத்து நான்கு, அங்கிருந்து குதிகால் நாற்பத்தைந்து. டேப் வைத்து அளந்தது, சந்தேகப்படாதே.

வலி வந்தால் அவள் யாரையும் கூப்பிட மாட்டாள், அவ்வளவு திமிர். கண்ணை மூடிக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாடு சொல்வாள். அடுத்த மாதம் ஆபரேஷன். நடப்பாள் என்கிறார்கள். ஆனால் இனி ஆளைத் தூக்கி இழுக்கும் வேலை கூடாதாம். அவள் செய்துகொண்டிருந்ததே அந்த வேலைதான். எழுந்து வந்ததும் ஆபீஸ் ரூமில் ஃபைல் அடுக்க உட்கார வைப்பார்களாம். அதைக் கேட்ட நாளிலிருந்து வாத்தியார் ஜோக் சொன்னால்கூடச் சிரிப்பதில்லை.

இருபத்தாறு மில்லிமீட்டர் இன்னும் அதிகம்.

அக்கா


மே 18

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

அக்காவோடு பதினெட்டு வருஷம் தாக்குப்பிடித்த நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம்.

மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதினால் பால்பாயிண்ட் பேனாவில் மை இறங்காது. பென்சில்தான் எழுதும். அவளுடைய கடைசி இரண்டு கடிதமும் பென்சிலில் வந்திருக்கின்றன. பன்னிரண்டாம் நம்பர் பெண்ணின் உயரமும் எடையும் அக்காவுடையதேதான். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லி வலியை அடக்குகிற இன்னொருத்தி உலகத்தில் இருப்பாள் என்று நான் நம்பவில்லை. உள்ளதைச் சொல்லுங்கள். நான் புறப்பட்டு வரட்டுமா?

உங்கள் மச்சினன்


மே 25

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. முன்பின் இருந்தால் மன்னித்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ நினைத்தது சரி. மார்ச் பத்தொன்பதாம் தேதி, வாத்தியார் சறுக்கிக் கால்பக்கம் போய்விட்டார். துணைக்கு ஆள் இல்லை. உன் அக்கா ஒருத்தியாகவே அவரை மேலே இழுத்தாள். முதுகில் பட்டென்று ஏதோ விட்டதாம், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார்தான் மணியை அடித்துக் கத்தினார். அவள் வார்டிலேயே பன்னிரண்டாம் கட்டில் கொடுத்தார்கள். வாத்தியார் மனசு கேட்காமல் தினமும் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறார்.

உனக்கு எழுதுகிறேன் என்றேன். "அவனுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஓடி வருவான். அப்புறம் கட்டில் யாரு செய்யறது? சொன்னீங்கன்னா உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்றாள். அவள் பேசாமல் இருந்தால் வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கும்தான், ஆனாலும் பயந்துவிட்டேன். அளவெடுத்தது நான்தான். டேப்பைப் பிடிக்கும்போதும் "இழுத்துப் பிடிங்க, அவன் கணக்கு தப்பிடும்" என்று அதட்டல்.

நீ வராதே. வந்தால் எழுந்து உன்னை அடிப்பாள். எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜூன் ஆறாம் தேதி ஆபரேஷன். முடிந்ததும் நானே போன் செய்கிறேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஃபைல் ரூம் என்று சொன்ன அன்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாமா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

பன்னிரண்டாம் நம்பர் அம்மாளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதே, பாவம் அவர். அன்று நானும் இங்கே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். பதினேழு முடிந்து பத்தொன்பதுவரை போக வேண்டியிருந்தது.

புதிதாக நான்கு படம் வைத்திருக்கிறேன். படுத்திருப்பவளை இப்போது உனக்கு அடையாளம் தெரியும். அவளை எதோடும் ஒட்டவில்லை. ஐந்தடி மூன்றங்குலம், அறுபத்தொரு கிலோ, இடுப்பும் முழங்காலும் அதது மடங்குகிற இடத்தில் மடங்கும். சுவிட்ச் படுத்திருப்பவள் கைக்கு எட்டுகிறது. சறுக்கல் ஒன்பது மில்லிமீட்டர்.

எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுத வேண்டும். உருளை, தண்டு, கீல் என்று பட்டியல் போகும். மில்லிமீட்டர் அதை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார்.

"இது என்னப்பா, அக்கான்னு ஒரு பாகம்?"

"அவங்கதான் சார் படுத்திருக்கறது."

 அவர் பெயரை மாற்றச் சொல்லவில்லை. "அவங்களுக்கு ஒன்பது மில்லிமீட்டர் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவர் தலையாட்டிவிட்டார். முதலில் ஆறு கட்டில் செய்து ஒரு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே என்று கேட்டார். சொன்னேன். வட்டு விலகிய நர்ஸ்கூட ஒரு ஆளையும் இழுக்காமல் அந்த ஆறு கட்டிலையும் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் தலைமை நர்ஸுக்கு அவரே கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறார். அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவன் நான். அது பொய்யாகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது என் ஒரே கவலை.

தம்பி


செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

உன் கழுத்தும் நெஞ்சும் எப்படி இருக்கின்றன? உன் மாமாவோடு நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பாவமாக இருந்தது.

கட்டில்கள் வந்துவிட்டன. ஏழாம் நம்பரிலிருந்து பன்னிரண்டுவரை போட்டிருக்கிறார்கள். தலைமை நர்ஸ் என்னை ஃபைல் ரூமிலிருந்து கூப்பிட்டனுப்பினாள். இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தேன். "ஒரு வாரம் பாக்கறேன். ஒருத்தரையாவது நீ கையால இழுத்தேன்னு தெரிஞ்சா, திரும்ப ஃபைல்தான்" என்றாள். சரி என்றேன்.

வாத்தியார் மறுபடி வந்து சேர்ந்திருக்கிறார், இந்த முறை இடுப்பெலும்பு. அதே பத்தாம் நம்பர். என்னைக் கண்டதும், "வேணாம் சிஸ்டர், நீங்க கிட்டவே வராதீங்க" என்று கையை ஆட்டினார். நான் சட்டையில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன், விரிப்பில் ஒரு துண்டு. வார்டில் நடமாடக்கூடிய எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். சுவிட்சை அழுத்தினேன். வெட்டு இல்லை. முழங்கால் எழுந்தது, பிறகு முதுகு எழுந்து பின்னால் போனது. மறுபடி இறக்கினேன். நான் குனியக் கூடாது என்பதால் புது நர்ஸ் விரலை வைத்துப் பார்த்தாள்.

அரை விரல். நீ சொன்ன ஒன்பது மில்லிமீட்டர்.

யாரும் அவரை இழுக்கவில்லை. எண்பத்து நான்கு கிலோவை நான் ஒரு விரலால் உட்கார வைத்தேன், தம்பி. வாத்தியார் அழுதுவிட்டார். நான் பதினேழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன், ஆனால் மூன்றாம் வரிக்குமேல் போகவில்லை. எல்லோரும் பார்க்க அழுதேன். கேட்டவர்களிடமெல்லாம் "என் தம்பி செஞ்சது" என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

வாரம் முடிந்தது. ஃபைல் ரூம் சாவியை நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த அரை விரலையும் சரி செய். வார்டு மேசையருகே நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். பேனாவில்.

அக்கா